ஐம்பது மில்லிக்குக் கீழே

14

மாமியார் கிட்னி மருமகனுக்கா என்று போன மாதம் விழுந்து விழுந்து சிரித்தவர்கள், இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இன்னும் ஒழுகுதாமே?"

ஒழுகத்தான் செய்கிறது, என்ன பண்ண! ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினேழு நாள். பிளம்பரின் வலது அடிவயிற்றில் புதுக் கிட்னி உட்கார்ந்துவிட்டது. ஆனால் தையலுக்குப் பக்கத்தில் ஒரு ட்யூப் தொங்குகிறது. ட்யூபின் முனையில் ஒரு பை. பைக்குள் வெளிர் மஞ்சளாக ஒரு தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதற்கு நிணநீர் என்று பெயர். வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. "அது எவ்வளவு வந்துச்சு?" என்றால் எல்லோருக்கும் புரியும்.

தொடர்ந்து இரண்டு நாள் ஐம்பது மில்லிக்குக் கீழே வந்தால் ட்யூபை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். வீடு முழுக்க அந்த ஐம்பதைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறது.

போன வாரம் மேடம் போனில் யாரிடமோ, "என் கிட்னி ஒழுகுதாம்" என்று சொல்லி அழுததையும், கதவுக்குப் பின்னால் நின்ற பிளம்பர் அதைக் கேட்டுவிட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மேடம் என்றால் பிளம்பரின் மாமியார். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதிரில் லாரி வந்தாலும் கண்ணைச் சிமிட்டாமல் "ம், இப்ப பிரேக்" என்று சொல்லிக்கொடுப்பவர். அவர் அழுதால் அந்த வீடு தாங்காது.

"இருபத்தஞ்சு!"

காலை ஏழு மணிக்குப் பாத்ரூமிலிருந்து வந்த குரல் பிளம்பரின் மனைவியுடையது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் லேபக்கா. தலைமையாசிரியையிடம் கேட்டு, நூறு மில்லி பிடிக்கும் கண்ணாடி அளவு ஜாடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். பையில் இருப்பதை அதில் ஊற்றி, தரையில் மண்டியிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துத்தான் படிப்பாள். அரை மில்லி கூடக் குறைய அவளிடம் பேச முடியாது.

"நேத்து முப்பது, இன்னிக்கு இருபத்தஞ்சு. ரெண்டு நாள் ஆச்சுங்க. இன்னிக்கு ட்யூபை எடுத்துருவாங்க!"

கட்டிலில் இருந்த பிளம்பர் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன். ஏன் இப்படி அலையுறீங்க?"

"சந்தோஷத்துல உக்கார முடியல."

பொய். உட்கார்ந்தால் அடிவயிற்றில் ஏதோ முட்டியது. நின்றால் வலது தொடை கனத்தது. இரண்டு நாளாக இப்படித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "என்னடி, நம்மாளு எப்படி இருக்கான்?"

நம்மாளு என்றால் கிட்னி. மாப்பிள்ளையை ஒருநாளும் 'ங்க' போடாமல் பேசியதில்லை மேடம். மாப்பிள்ளை வயிற்றுக்குள் இருக்கிற தன் கிட்னியை மட்டும் 'அவன், இவன்' என்பார்.

"சூப்பரா இருக்கான்மா! இருபத்தஞ்சுதான்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"யூரின்தான் குறைஞ்சிருக்கு" என்றாள் லேபக்கா, நோட்டைப் பார்த்துக்கொண்டே. "முந்தாநேத்து ரெண்டு லிட்டர். நேத்து ஆயிரத்து நூறு. தண்ணி குடிச்சீங்களா இல்லையா?"

"மறந்துட்டேன்."

"மறப்பீங்க, மறப்பீங்க." டீயை நீட்டினாள். அவன் ஒரே கையால் வாங்கினான். ஒரு சொட்டு தளும்பவில்லை. "பாத்தீங்களா, கை நடுக்கம்கூட நின்னுடுச்சு. போன வாரம் டம்ளரைப் புடிக்க முடியாம சட்டையெல்லாம் ஊத்திக்கிட்டீங்க."

அந்த நடுக்கம் மாத்திரையால் வந்தது. புதுக் கிட்னியை உடம்பு வேற்று ஆள் என்று நினைத்துத் தள்ளிவிடாமல் இருப்பதற்கான மாத்திரை. காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கை நடுங்கினாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, ஒன்றைக்கூட விடக்கூடாது என்று சர்ஜன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சரி, உடம்பு பழகிவிட்டது போல என்று லேபக்கா நினைத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அவள் போனதும் பிளம்பர் சட்டையைத் தூக்கினான். ட்யூபின் நடுவில் ஒரு சின்ன வெள்ளை க்ளிப் உண்டு. பையைக் காலி செய்யும்போது ஒரு நிமிடம் மூடி, உடனே திறப்பதற்கு. அவன் அதை 'வால்வு' என்பான். விரலால் தள்ளி மூடினான். சட்டையைக் கீழே இறக்கினான்.

இருபத்தைந்து மில்லியின் ரகசியம் இவ்வளவுதான்! என்ன மனுஷனய்யா இவன் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. அவன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பத்தொன்பது வருஷமாகக் குழாய் வேலை. எந்த வீட்டில் எது ஒழுகினாலும் முதல் வேலை மெயின் வால்வை மூடுவது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. மூடு, காயவிடு, அப்புறம் திறந்து பார். வயிற்றுக்குள்ளேயும் அதே சட்டம்தான் என்று அவனாக முடிவு கட்டிவிட்டான். காலையில் அளப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் திறப்பான். அளந்து முடித்ததும் மூடுவான். மூடுவதற்கு முன்னால் தினமும் நூற்றறுபது வந்தது. மூடிய பிறகு எழுபது, ஐம்பத்தைந்து, முப்பது, இருபத்தைந்து. ஆஹா, ஜாயின்ட் பிடித்துக்கொண்டது என்று மனசுக்குள் துள்ளினான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லேபக்கா விடமாட்டாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மேடம் இன்னொரு தரம் அப்படி அழக்கூடாது. தன் உடம்பை அறுத்துக் கொடுத்த மனுஷி, கொடுத்தது ஓட்டை என்று நினைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் மாட்டிக்கொண்டான்.

இடது காலில் செருப்பு ஏறியது. வலது காலில் ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு திணித்துப் பார்த்தான்.

"மாப்பிள்ளை, அந்தக் காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல அத்தை. செருப்பு சுருங்கிடுச்சு."

"ரப்பர் செருப்பு எங்க சுருங்கும்? யார்கிட்ட கதை விடுறீங்க?"

மேடத்தால் குனிய முடியாது. அவருக்கும் இடுப்பில் தையல். "ஏய், நீ அமுக்கிப் பாருடி" என்று மகளை விரட்டினார். லேபக்கா குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இடது காலில் அழுத்தினாள். அங்கே குழி விழவில்லை.

"எப்போலேருந்து இது?"

"நேத்து சாயந்திரம்... இல்ல, முந்தாநேத்து."

லேபக்கா அளவு ஜாடியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். நோட்டையும் வைத்தாள்.

டாக்சியில் மேடம் முன்சீட்டில். ஆறு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. வழி முழுக்க இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மிதிக்கும் தையல் சுருக்கென்று இழுத்தது. "அம்மா, பேசாம உக்காருங்க" என்று டிரைவரே கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் பிளம்பர் நடைபாதையை எத்தனை தரம் அளந்தானோ, அதை எந்த ஜாடியாலும் சொல்ல முடியாது.

சர்ஜன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நரைத்த கிராப், அதிகம் பேசாத அம்மாள்.

"கிரியாட்டினின் போன தடவை ஒண்ணு புள்ளி மூணு. இப்ப ரெண்டு புள்ளி நாலு."

அது ஏறினால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். பதினேழு நாளில் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆன பாடம் அது.

மேடம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். "நம்மாள உடம்பு வேணாம்னு தள்ளுதா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா. ஸ்கேன் பாத்துருவோம்."

ஸ்கேன் அறையில் பிளம்பரின் வயிற்றில் ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்த சர்ஜன் புருவத்தைச் சுருக்கினார். கிட்னிக்குக் கீழே கறுப்பாக ஒரு குட்டை. முஷ்டியைவிடப் பெரியது. ஒரு பக்கம் கிட்னியிலிருந்து யூரின் இறங்கும் வழியை நெரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் காலுக்குப் போகிற ரத்தக் குழாயை. கால் ஏன் வீங்கியது, யூரின் ஏன் குறைந்தது என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

சர்ஜன் லேபக்காவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். "முப்பது, இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. அப்ப இவ்வளவு தண்ணி உள்ள எப்படிச் சேர்ந்துச்சு? அளந்ததுல ஏதோ தப்பு இருக்கும்மா."

லேபக்காவின் முகம் சிவந்தது. "டாக்டர், நான் பதினோரு வருஷமா லேப்ல இருக்கேன்."

"இருக்கலாம். வீட்டுல கைதவறி..."

"ஒரு மில்லி தப்பு பண்ணியிருக்க மாட்டேன்." நோட்டைத் திருப்பி வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். "ஒருவேளை... புதன்கிழமை அவசரத்துல... நானா?"

பிளம்பர் படுத்தபடியே அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று அவன் மனசே அவனைத் திட்டியது.

அதற்குள் சிஸ்டர் முந்திக்கொண்டார். ட்யூபைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "டாக்டர், இங்க பாருங்க. க்ளிப் இருக்கிற இடத்துல நசுங்கிப் போயிருக்கு. ஒரு நிமிஷம் மூடினா இப்படித் தடம் விழாது." க்ளிப்பைத் தள்ளிப் பார்த்தார். "இப்பவும் மூடித்தான் இருக்கு."



"நான்தான்" என்றான் பிளம்பர். "நாலு நாளா மூடி வச்சேன். அளக்கிற நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டேன். ஓட்டம் நின்னா ஜாயின்ட் பிடிச்சுக்கும்னு..."

"எந்த ஜாயின்ட்?" என்றார் சர்ஜன்.

"அத்தை கொடுத்த கிட்னியோட ஜாயின்ட்."

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திட்டவும் செய்தார், மெதுவான குரலில். "நீங்க குழாயை மூடினா தண்ணி டாங்கிலேயே நிக்கும். இங்க டாங்க் கிடையாது. வெளிய வழி இல்லேன்னா உள்ளேயே தேங்கும். தேங்கினது கிட்னியையே அமுக்கியிருக்கு. மூடி மூடி ட்யூபும் உள்ள அடைச்சுப்போச்சு. அப்புறம் நீங்க திறந்தும் வரல. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா எங்ககிட்ட வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது."

பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொண்ணு. அந்த ஒழுகல் கிட்னியோடது இல்ல. கிட்னியை வைக்கிறதுக்காக உங்க காலுக்குப் போற ரத்தக் குழாயைப் பிரிச்சு எடுத்தோம். அதைச் சுத்தி நூல் மாதிரி நிணநீர்க் குழாய் நிறைய ஓடும். அதுல ஒண்ணு ரெண்டு மூடாம கசியுது. பல பேருக்கு நடக்கிறதுதான். வெளிய போக வழி விட்டா மெல்ல தானா மூடும்."

"டாக்டர், ஒரு நிமிஷம்." மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "அப்ப ஒழுகுறது என் கிட்னி இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. உங்க கிட்னி முதல் நாள்லேருந்து நல்லாத்தான் வேலை செஞ்சுது. கசியுறது அவரோட சொந்தக் குழாய்."

"பதினேழு நாளா யாரும் எனக்கு இதைச் சொல்லலையே!"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

உண்மைதான். கேட்கப் பயம். 'ஆமாம், உங்களுடையதுதான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். லாரிக்குப் பயப்படாத மேடம் ஒரு கேள்விக்குப் பயந்து பதினேழு நாள் படுத்திருந்தார்.

மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஓட்டை உங்க வீட்டு லைன்ல. பழி என் ஆளு மேல. நல்லா இருக்கே நியாயம்!" சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் தையலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. "எனக்காகவா மூடினீங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

"ஒழுகட்டுமே மாப்பிள்ளை. ஒழுகினா தொடைச்சுக்கலாம். நம்மாளு நின்னுட்டா நான் இன்னொண்ணுக்கு எங்க போவேன்?"

லேபக்கா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

மதியம் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி குத்தி, புது ட்யூப் போட்டார்கள். பழையதை எடுத்துவிட்டார்கள். குபுகுபுவென்று வந்தது. பையிலேயே அளவுக் கோடு இருக்கிறதே என்று சிஸ்டர் சொல்லியும் லேபக்கா கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, தன் ஜாடியில் ஊற்றி ஊற்றி அளந்தாள். ஆறு தரம் நிறைந்தது. ஏழாவது தரம் நாற்பது. அறுநூற்று நாற்பது என்று நோட்டில் எழுதினாள். கோடு கிழித்து, அதற்கு மேலே இருந்த நாலு நாள் எண்களையும் அடித்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நிணநீரேதான், யூரின் கலக்கவில்லை, கிருமியும் தென்படவில்லை என்று மூன்றரை மணிக்குத் தகவல் வந்தது.

அப்புறம் காத்திருப்பு. காலையில் இங்கே சேர்த்து யூரினுக்கும் தனியாக ஒரு பை மாட்டியதிலிருந்து மணிக்கு இருபது மில்லிகூட வரவில்லை. கிட்னி பிழைத்ததா என்பதை இனி யூரின்தான் சொல்ல வேண்டும். பிளம்பர் தலையணையைத் திருப்பிப் போட்டான், போர்வையை உதறினான், ஜன்னலைத் திறக்கச் சொன்னான், மூடச் சொன்னான். மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து மணிக்கு சிஸ்டர் குனிந்து பைகளைப் பார்த்தார். "தொண்ணூத்தஞ்சு."

"எது? அதுவா?" என்றார் மேடம் பதறி.

"இல்லம்மா. யூரின். இந்த ஒரு மணி நேரத்துல மட்டும்."

"எந்திரிச்சிட்டான்டி நம்மாளு!" மேடம் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவுகூடத் திறந்தது.

சர்ஜன் வந்து பார்த்தார். கால் வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. "நல்லது. ஆனா கசிவு இன்னும் நிக்கல. ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம். நிக்கலைன்னா சின்ன ஓட்டை போட்டு, வயித்துக்குள்ளயே அந்தத் தண்ணி போக ஒரு ஜன்னல் வைப்போம். உடம்பே உறிஞ்சிக்கும். அதுக்குப் பயப்பட வேணாம். நாளைக்குக் காலைல கிரியாட்டினின் இறங்கணும், அதான் முக்கியம். அமுக்கம் போயாச்சு. இனியும் இறங்கலைன்னா வேற ஏதோ காரணம் இருக்குன்னு அர்த்தம்."

அவர் போனார். சிஸ்டரும் போனார். லேபக்கா பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே நீட்டினாள். அவன் ஒரே கையால் வாங்கினான். டம்ளர் விளிம்பு வரை டீ. ஒரு சொட்டு தளும்பவில்லை.

லேபக்கா திரும்பினாள். அவன் கையைப் பார்த்தாள். இத்தனை பெரிய நாளுக்குப் பிறகும் நடுங்காத அந்தக் கையை அளவு ஜாடியைப் பார்ப்பதுபோல, கண்ணை நேராக வைத்துப் பார்த்தாள்.

"இந்த நடுக்கம் எப்படி நின்னுச்சு?"

அவன் டம்ளருக்குள் பார்த்தான்.

"என்னைப் பாருங்க. நாலு நாள் நான் பொய்யை அளந்து எழுதியிருக்கேன். இன்னிக்கு டாக்டர் கேக்கும்போது என்னையே நான் சந்தேகப்பட்டேன். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவன் டம்ளரை மேஜையில் வைத்தான். இந்தத் தடவை யாரும் ட்யூபைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"காலை மாத்திரை. ரெண்டுல ஒண்ணைத்தான் போடுறேன். எட்டு நாளா. ஒண்ணை வாஷ்பேசின்ல போட்டுருவேன்." தன் வலது கையைப் பார்த்தான். "கை நடுங்கினா ஸ்பேனர் புடிக்க முடியாதும்மா. ஒரு வாஷரைக்கூட மாட்ட முடியாது. அப்புறம் என்னை யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

லேபக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாளைக் காலை அந்த எண் இறங்காவிட்டால் அதற்கு என்ன காரணம் என்று இப்போது மூன்று பேருக்குமே தெரியும்.

மேடம் திட்டவில்லை. நம்மாளு என்றும் சொல்லவில்லை. ஒரு கையால் தன் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தலைமாட்டில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்தினார். நடைபாதையில் மணி அடித்தது. சிஸ்டர் ஓடிவந்து கதவைத் திறந்த பிறகும் மேடம் விரலை எடுக்கவில்லை.